ரூ.6,400 டிக்கெட்டைக் காப்பாத்தப் போய் ரூ.2 லட்சம் போச்சு: இமயமலைக் காட்டு டிரெக்கிங்குக்கு பட்ஜெட் போடுவது எப்படி?



எமர்ஜென்சி ஃபண்ட் பத்தின வீடியோவில், "என் ஃப்ரெண்டு ஒருத்தன் டிரெக்கிங் போய்ட்டு வந்து எஃப்.டி.யை உடைச்ச கதையைத் தனியா சொல்றேன்"னு சொல்லியிருந்தேன். அந்தக் கதைதான் இது. நானும் அந்த டிரெக்கில் இருந்தேன், முடிவெடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் அவனை மட்டும் குறை சொல்ல முடியாது.

போன இடம் ஹிமாச்சலப் பிரதேசம், குல்லு மாவட்டத்தில் இருக்கும் கிரேட் ஹிமாலயன் நேஷனல் பார்க். மணாலி, கசோல் மாதிரி ரீல்ஸில் அடிக்கடி வரும் இடம் இல்லை. 1984இல் அறிவிக்கப்பட்டு, 1999இல் முழு தேசியப் பூங்காவாக நோட்டிஃபை ஆனது. 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு சுமார் 754 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர். அதைப் போல ஒன்றே முக்கால் மடங்கு. இவ்வளவு பெரிய இடத்துக்குள்ளே வண்டி போகிற ரோடு கிடையாது, ஹோட்டல் கிடையாது, டீக்கடை கிடையாது. தேவதாரு, ஓக் மரக்காடு, அதுக்கு மேலே புல்வெளி, அதுக்கும் மேலே பனி. பனிச்சிறுத்தை, கரடி, கஸ்தூரி மான், அப்புறம் அந்த ஊர்க்காரங்க 'ஜுஜுரானா'ன்னு சொல்ற வெஸ்டர்ன் டிராகோபான் என்கிற அழகான காட்டுக்கோழி எல்லாம் இருக்கிற காடு. மொபைல் சிக்னல் இல்லை. இந்தக் கட்டுரைக்கு முக்கியமான விஷயம் அந்தக் கடைசி வரிதான். சிக்னல் இல்லைன்னா யு.பி.ஐ. இல்லை, டிக்கெட் மாத்த முடியாது, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் பண்ண முடியாது. நாம வழக்கமா பிரச்சனை வந்ததும் போனை எடுத்துத் தீர்த்துக்கிற எல்லாத்தையும் இங்கே கிளம்பறதுக்கு முன்னாடியே தீர்த்து வெச்சிருக்கணும்.

நாங்க போட்ட பட்ஜெட்

2022 அக்டோபர். நாலு பேர். தீர்த்தன் பள்ளத்தாக்கில் குஷைனி கிராமத்தில் ஆரம்பித்து ரோலா, ஷில்ட், ராகுண்டி டாப் வரை போய்த் திரும்பும் ஐந்து நாள் பாதை. ரோலா வரை ஆற்றங்கரையோரமாகச் சுமார் 10 கிலோமீட்டர், கொஞ்சம் சுலபம். ரோலாவிலிருந்து ஷில்ட் வரை ஒரே ஏற்றம்; கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரம் ஒரே நாளில் ஏறணும். ஷில்ட்டில் வனத்துறை குடில் ஒன்று இருக்கிறது. உயரம் சுமார் 3,100 மீட்டர். நம்ம தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான்.

ஒரு ஆளுக்கு எங்க கணக்கு இது. சென்னை–சண்டிகர் பிளைட் போக வர ரூ.13,200. சண்டிகரிலிருந்து மணாலி போகும் பஸ்ஸில் ஏறி ஔட் என்ற இடத்தில், சுரங்கப்பாதைக்கு முன்னாடி இறங்கணும் (டிரைவர்கிட்ட முன்னாடியே சொல்லி வைக்கலைன்னா தூக்கத்திலேயே குல்லு போய்ச் சேர்ந்துடுவீங்க). போக வர ரூ.2,000. ஔட்டிலிருந்து பஞ்சார் வழியாக குஷைனிக்கு டாக்ஸி, பங்கு ரூ.1,200. ஹோம்ஸ்டே இரண்டு இரவு, சாப்பாட்டோடு ரூ.3,600. கைடு, போர்ட்டர், சமையல், டென்ட், பெர்மிட் எல்லாம் சேர்த்து டிரெக்கிங் ஒரு நாளுக்கு ரூ.3,200, ஐந்து நாளுக்கு ரூ.16,000. ஷூ, மழைக்கோட்டு வகையறா ரூ.7,000. மொத்தம் ரூ.43,000. இன்னைக்கு எல்லாமே கூடியிருக்கும், நீங்க ஒரு தடவை விசாரிச்சுக்கோங்க.

எக்ஸெல் ஷீட் போட்டது நான்தான். சி.ஏ. போட்ட ஷீட் ஆச்சே! கலர் எல்லாம் அடிச்சு, நாலு பேருக்கும் பிரிச்சு, பைசா சுத்தமா இருந்தது. அதில் பிளைட் டிக்கெட் வரிசையில் பெருமையா ஒரு குறிப்பு எழுதியிருந்தேன்: "ரிட்டர்ன் ரூ.6,400, நான்-ரீஃபண்டபிள், ரூ.1,700 மிச்சம்."

தேதி மாத்திக்கக்கூடிய டிக்கெட் ரூ.8,100 இருந்தது. அந்த ரூ.1,700தான் நான் 'மிச்சம்' பிடிச்சது.

நாலாவது நாள் காலை

மூணாவது நாள் ராகுண்டி டாப் போய்ட்டு ஷில்ட்டுக்குத் திரும்பி வந்தோம். ராத்திரி மழை பிடிச்சது. காலையில் மழையோடு கொஞ்சம் பனித்தூறலும். எங்க கைடுக்கு ஐம்பது வயசுக்கு மேல இருக்கும், நாங்க 'பாய்ஜி'ன்னுதான் கூப்பிடுவோம். அவர் வெளியே போய் வானத்தையும் பாதையையும் பார்த்துட்டு வந்து, "இன்னைக்கு இங்கேயே இருக்கலாம் சார். இலை நனைஞ்சிருக்கு, வேர் எல்லாம் வழுக்கும். நாளைக்கு இறங்கலாம்"னு ஹிந்தியில் சொன்னார்.

நாங்க உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு நாள் தங்கினா அஞ்சாவது நாள் சாயங்காலம் ஔட்டில் பஸ் போயிடும். பஸ் போனா மறுநாள் காலை சண்டிகர் பிளைட் போயிடும். நாலு டிக்கெட், ரூ.25,600. கையில் சிக்னல் இல்லை, மாத்த வழி இல்லை. "மச்சி, மெதுவா இறங்கிடலாம்டா, எறங்குறதுதானே"ன்னு நானே சொன்னேன். பாய்ஜி ரெண்டு தடவை மறுத்துப் பார்த்தார், அப்புறம் தோளைக் குலுக்கிட்டுக் கிளம்பிட்டார்.

ரெண்டு மணி நேரம் இறங்கியிருப்போம். என் ஃப்ரெண்டு ஒரு நனைந்த வேரில் கால் வெச்சான். சத்தம் எனக்கே கேட்டது. கணுக்கால்.

அந்த இடத்திலிருந்து ரோலா வரை பாய்ஜியும் ரெண்டு போர்ட்டரும் மாத்தி மாத்தி அவனை உப்புமூட்டை தூக்கினாங்க. அந்தச் சரிவில், மழையில், எழுபத்தஞ்சு கிலோ ஆளை. நாங்க மூணு பேரும் பைகளைச் சுமந்துக்கிட்டு பின்னாடியே வந்தோம். ரோலா வரும்போது இருட்டிடுச்சு. ஒரு போர்ட்டர் டார்ச் அடிச்சுக்கிட்டே குஷைனி பக்கம் இறங்கிப் போய், விடியறதுக்குள்ள ஊரிலிருந்து மூணு பேரைக் கூட்டிட்டு வந்தார். ஹெலிகாப்டர் கூப்பிட முடியாதான்னு கேட்பீங்க. கூப்பிட சிக்னல் இல்லை, அந்த மரங்களுக்கு நடுவே இறங்க இடமும் இல்லை. அங்கே ஆம்புலன்ஸ்னா மனுஷனோட முதுகுதான்.

மறுநாள் மத்தியானம் ரோடு வந்தோம். கூலி கொடுக்கலாம்னு நாலு பேரும் பர்ஸைக் கவுத்தா மொத்தம் ரூ.5,200 இருந்தது. கொடுக்க வேண்டியது ரூ.8,000. பாய்ஜி, "முதல்ல ஆஸ்பத்திரி போங்க"ன்னு சொல்லி, தானும் டாக்ஸியில் ஏறிக்கிட்டார். பஞ்சார் ஏ.டி.எம்.மில் எடுத்துக் கொடுத்தோம்.

அப்புறம் குல்லுவில் எக்ஸ்ரே, மாவுக்கட்டு. ரெண்டு பேர் மட்டும் ஔட்டில் பஸ் பிடிச்சு, பிளைட்டையும் பிடிச்சாங்க. நானும் அவனும் ரெண்டு நாள் கழிச்சு புது டிக்கெட் எடுத்து வந்தோம். சென்னையில் ஆபரேஷன், பிளேட் வெச்சாங்க.

கணக்கு இதோ. கூடுதல் ஆட்கள் கூலி ரூ.8,000. டாக்ஸி ரூ.3,500. குல்லுவில் ரூ.2,300. புது பிளைட் டிக்கெட் ரெண்டு பேருக்கு ரூ.23,600. ஆபரேஷன் ரூ.1,62,000. பிசியோதெரபி ரூ.14,000. கூட்டினா ரூ.2,13,400. நாலு டிக்கெட்டைக் காப்பாத்த இறங்கினோம், காப்பாத்தினது ரெண்டு டிக்கெட், ரூ.12,800.

இதில் இன்சூரன்ஸ் எங்கேன்னு கேட்பீங்க. அவன் பழைய கம்பெனியில் கடைசி வேலைநாள் நாங்க கிளம்பறதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. புது வேலையில் சேர்றது மூணு வாரம் கழிச்சு. நடுவில் கிடைச்ச லீவில்தான் டிரெக்கிங். பழைய கம்பெனி குரூப் பாலிசி வெள்ளிக்கிழமையோடு முடிஞ்சுது, புது கம்பெனி பாலிசி இன்னும் ஆரம்பிக்கலை. சொந்தமா பாலிசி இல்லை. எஃப்.டி. உடைஞ்சது. புது வேலையில் சேர்றதும் ஏழு வாரம் தள்ளிப்போனது. அந்தச் சம்பளத்தை நான் மேலே கூட்டவே இல்லை.

திரும்பி வர்றதுக்கு பட்ஜெட் போடுங்க

எஃப் அண்ட் ஓ பக்கமே போகாதீங்கன்னு சொல்ற நான், இங்கே ஒரு ஆப்ஷன் வாங்கச் சொல்றேன். ஆப்ஷன்னா என்ன? ஒரு உரிமைக்கு முன்கூட்டியே கொடுக்கிற சின்னக் காசு. மலையில் நமக்கு வேண்டிய உரிமை, "இன்னைக்கு வேண்டாம், நாளைக்கு இறங்கலாம்"னு சொல்றது. அதோட பிரீமியம் எவ்வளவுன்னு எங்க கணக்கிலேயே பார்க்கலாம். தேதி மாத்தக்கூடிய டிக்கெட்டுக்கு கூடுதல் ரூ.1,700. காட்டுக்குள் ஒரு உபரி நாளுக்கு ரூ.3,200. கீழே குஷைனியில் ஒரு உபரி இரவுக்கு ரூ.1,800. மொத்தம் ரூ.6,700. ரூ.43,000 பட்ஜெட்டில் பதினஞ்சு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. உபரி நாள் தேவைப்படலைன்னா குஷைனி ஆத்தங்கரையில் உட்கார்ந்து டிரவுட் மீன் சாப்பிட்டுட்டு வாங்க. காசு வீணாப் போனதா அர்த்தம் இல்லை.

ஆபீஸ் லீவும் அப்படித்தான். ஏழு நாள் பயணத்துக்கு ஒன்பது நாள் லீவு போடுங்க. "திங்கட்கிழமை மீட்டிங் இருக்கு" என்பதும் ஒரு நான்-ரீஃபண்டபிள் டிக்கெட்தான். நிறையப் பேர் டிக்கெட்டை மாத்தக்கூடியதா எடுத்துட்டு, மேனேஜருக்குப் பயந்து மழையில் இறங்குவாங்க.

ரிட்டர்ன் டிக்கெட்டே எடுக்காம போறதும் ஒரு வழி. கீழே இறங்கி சிக்னல் வந்ததும் எடுத்துக்கலாம். சீசனில் விலை ஏறியிருக்கும், ஆனா அழுத்தம் இருக்காது. நாலு பேருக்கு மேல போனா எனக்கு இது அவ்வளவா பிடிக்காது, சீட் ஒண்ணா கிடைக்காது.

எந்த மாசம் போறீங்க என்பதும் பணக் கணக்குதான். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரை, அப்புறம் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் டிக்கெட்டும் ஹோம்ஸ்டேவும் மலிவா கிடைக்கும். போகாதீங்க. 2023 ஜூலை வெள்ளத்தில் மண்டி–குல்லு நெடுஞ்சாலை பல இடங்களில் அறுந்து, டூரிஸ்டுகள் நாட்கணக்கில் மாட்டிக்கிட்டாங்க. அங்கே மலிவு விலைக்குக் காரணம் மழைதான்.

கேஷ் எடுத்துட்டுப் போங்க. குழுவுக்கு ரூ.15,000, ஐந்நூறு ரூபாய்த் தாள்களா, ரெண்டு பேர் பையில் பிரிச்சு, பிளாஸ்டிக் கவரில் சுத்தி. செலவாகலைன்னா திரும்ப பேங்க்கில் போட்டுக்கலாம்.

பாலிசியில் ஒரே ஒரு வார்த்தை

"டிரெக்கிங் அட்வென்சர் ஸ்போர்ட்ஸ் சார், ஹெல்த் இன்சூரன்ஸ் வராது"ன்னு ஏஜென்ட்டே சொல்வார். அவசரப்பட்டு நம்பாதீங்க. ஹெல்த் பாலிசிகளில் எதெல்லாம் கவர் ஆகாது என்பதுக்கு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. பொதுவான வாசகங்களை வகுத்துக் கொடுத்திருக்கிறது. அட்வென்சர் ஸ்போர்ட்ஸ் விலக்கு அதில் 9ஆவது கோடு. அந்த வாசகத்தில், இப்படிப்பட்ட விளையாட்டில் 'தொழில்முறை ஆளாக'ப் பங்கெடுத்ததால் வரும் சிகிச்சைச் செலவைத்தான் விலக்குகிறார்கள். லீவு போட்டுட்டு மலை ஏறும் ஐ.டி. ஊழியர் தொழில்முறை ஆள் இல்லை. உங்க பாலிசி வாசகத்தைத் திறந்து, அந்த வார்த்தை இருக்கான்னு பாருங்க. கிளெய்ம் மறுத்தா, ஆம்பட்ஸ்மேன் வரைக்கும் போக உங்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

பெர்சனல் ஆக்சிடென்ட் பாலிசியும் டிராவல் இன்சூரன்ஸும் வேற கதை. அங்கே கம்பெனிக்குக் கம்பெனி வாசகம் மாறும். பல பாலிசிகளில் "கயிறோ கைடோ தேவைப்படும் மலையேற்றம் கவர் ஆகாது" என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். இந்தப் பூங்காவில் பெர்மிட்டும் உள்ளூர் கைடும் இல்லாம உள்ளே போக முடியாது. அப்போ "கைடு தேவைப்படும் மலையேற்றம்" ஆகிடுச்சா இல்லையா? எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அந்த வரி பனிச்சிகரம் ஏறுபவர்களை மனசில் வெச்சு எழுதினது. ஆனா கிளெய்ம் டிபார்ட்மென்ட் என்ன நினைக்கும்னு யார் கண்டா? அதனால் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி கம்பெனிக்கு ஒரு ஈமெயில் போடுங்க: இடம், உயரம், நாட்கள், கயிறு கிடையாது, நடை மட்டும், கைடு வனத்துறை விதிப்படி கட்டாயம், இது கவர் ஆகுமா? பதிலைப் பி.டி.எஃப். ஆக்கி வெச்சுக்கோங்க. கால் சென்டரில் பேசினது கணக்கில் சேராது.

வேலை மாறும் இடைவெளியில் போறவங்க கொஞ்சம் நின்னு கேளுங்க, ஏன்னா நீண்ட டிரெக்கிங் போறவங்களில் சிலர் அந்த இடைவெளியில்தான் போறாங்க. குரூப் பாலிசியை நம்பாதீங்க. விலகும்போது அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது, ஹெச்.ஆர்.கிட்ட கேளுங்க. இல்லைன்னா புதுசா ஒரு தனிநபர் ஹெல்த் பாலிசி எடுங்க. புதுப் பாலிசிக்கு 30 நாள் காத்திருப்பு உண்டுதான், ஆனா அது விபத்துக்குப் பொருந்தாது. 2025 செப்டம்பர் 22லிருந்து தனிநபர் ஹெல்த், லைஃப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. என் ஃப்ரெண்டு கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு பாலிசி எடுத்திருந்தா, அந்த ரூ.1,62,000 கிளெய்மில் வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பெர்மிட் விஷயத்தில் குறுக்கு வழி வேண்டவே வேண்டாம். தீர்த்தன் பக்கம் சாய் ரோபாவில் வனத்துறை அலுவலகம் இருக்கிறது. ஹோம்ஸ்டேக்காரரோ டிரெக்கிங் ஏற்பாடு செய்பவரோ உங்க அடையாள அட்டை நகலை வாங்கி எடுத்துக் கொடுப்பார். அனுமதியில்லாம தேசியப் பூங்காவில் நுழைவது வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நமக்கு 2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீ நினைவிருக்கும், 23 பேர் இறந்தாங்க. அனுமதி இருக்கா, எந்தப் பாதைக்கு இருக்கு என்ற கேள்வி அங்கே எல்லாம் முடிஞ்ச பிறகுதான் பெரிசா எழுந்தது. நீங்க காசு கட்டுறதுக்கு முன்னாடியே பெர்மிட் காகிதத்தை, உங்க பேரோடு, கண்ணால் பாருங்க.

அந்தக் காகிதத்துக்கு இன்னொரு உபயோகமும் இருக்கு. சொல்லவே சங்கடமா இருக்கு, ஆனா சொல்லியாகணும். மலையில் ஒருத்தர் காணாமல் போய், உடலும் கிடைக்கலைன்னா, சட்டப்படி ஏழு வருஷம் அவரைப் பத்தி எந்தத் தகவலும் இல்லாம இருந்தாத்தான் இறந்துவிட்டதாக அனுமானிக்க முடியும். அதுக்கு முன்னாடி டெர்ம் இன்சூரன்ஸ் பணத்தைக் கேட்டா, விபத்தில் சிக்கினார் என்பதுக்கு வலுவான ஆதாரம் காட்டணும். அதுவரைக்கும் பாலிசி லாப்ஸ் ஆகாம பிரீமியமும் கட்டணும். குல்லு மாவட்டத்திலேயே பக்கத்தில் இருக்கும் பார்வதி பள்ளத்தாக்கில் பல வருஷமா ஆட்கள் காணாமல் போகிற செய்தி வந்துக்கிட்டே இருக்கு, அதில் நிறையப் பேர் தனியாப் போனவங்க. எந்தத் தேதியில், எந்தப் பாதையில், எந்த கைடோடு உள்ளே போனீங்க என்பது அரசு ரெஜிஸ்டரில் இருந்தா, தேடுறவங்களுக்கும் உதவும், பிறகு உங்க குடும்பத்துக்கும் உதவும். டெர்ம் பாலிசி விண்ணப்பத்தில் ஆபத்தான பொழுதுபோக்கு உண்டான்னு கேட்டிருப்பாங்க. வழக்கமா மலை ஏறுறவரா இருந்தா அங்கே மறைக்காதீங்க.

கைடு காசில் பேரம் பேசாதீங்க

நாங்க முதல்ல பேரம் பேசினது இதில்தான்னு வெட்கத்தோட ஒத்துக்கிறேன். ஒரு போர்ட்டரைக் குறைச்சா நாளுக்கு இவ்வளவு மிச்சம்னு ஷீட்டில் ஒரு ஆப்ஷன் வெச்சிருந்தேன். நல்லவேளை, பாய்ஜி ஒத்துக்கலை. அந்த ரெண்டாவது போர்ட்டர்தான் ராத்திரி டார்ச்சோட இறங்கிப் போனவர்.

இந்த ஊர்க்காரங்க தலைமுறை தலைமுறையா இந்தக் காட்டில் ஆடு மேய்ச்சவங்க, மூலிகை எடுத்து வித்தவங்க. 1999இல் பூங்கா முழுமையா அமலானபோது, உள்ளே அவங்களுக்கு இருந்த உரிமைகள் முடிவுக்கு வந்தது. அதுக்கு மாற்றாக வந்த வருமானங்களில் ஒண்ணுதான் கைடு, போர்ட்டர், சமையல் வேலை. பெண்கள் சின்னச் சின்னத் தொகையா சேமிக்கிற குழுக்களும் பூங்காவைச் சுத்தியிருக்கும் கிராமங்களில் உருவாச்சு, நம்ம ஊர் மகளிர் சுயஉதவிக் குழு மாதிரி. நாம குறைக்கிற 500 ரூபாய் போய் விழுகிற இடம் அது.

இன்னொரு கேள்வியும் கேளுங்க: "உங்க ஆட்களுக்கு ஆக்சிடென்ட் கவர் இருக்கா?" மேலே சொன்ன 'தொழில்முறை' விலக்கு நமக்குப் பொருந்தாது, ஆனா கைடு விஷயத்தில் கம்பெனி அதைத் தூக்கிக் காட்டலாம். குறைஞ்சபட்சம் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா இருக்கான்னு பாருங்க. வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தாலோ முழு ஊனம் ஆனாலோ 2 லட்சம், 18 முதல் 70 வயசு வரை, பேங்க் கணக்கிலிருந்து தானா எடுத்துக்கும். ஊருக்குத் திரும்பினதும் நாங்க ஃபோன் பண்ணிக் கேட்டப்போ பாய்ஜிக்கு இருந்தது, சின்னப் பசங்க ரெண்டு பேருக்கு இல்லை. உங்களுக்கு இருக்கான்னும் ஒரு தடவை பேங்க் ஆப்பில் பாருங்க.

டாக்ஸ் பக்கம், சீக்கிரமா

எல்.டி.ஏ. கேட்பீங்கன்னு தெரியும். பழைய டாக்ஸ் ரெஜிமில் இருந்தா மட்டும் விலக்கு உண்டு, புது ரெஜிமில் கிடையாது. அதிலும் பயணக் கட்டணம் மட்டும்தான்: குறுக்கான வழியில் எகானமி பிளைட், பஸ் கட்டணம். ஹோம்ஸ்டே, கைடு, சாப்பாடு, ஷூ எதுவும் வராது. "பேக்கேஜ் பில் முழுசா போட்டுடலாம் சார்"னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க. நாலு காலண்டர் வருஷ பிளாக்குக்கு ரெண்டு பயணம். 2022–2025 பிளாக்கில் பயன்படுத்தாம விட்டிருந்தா ஒண்ணை 2026க்கு எடுத்துட்டுப் போகலாம். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீங்க. உள்நாட்டு டூர் என்பதால் டி.சி.எஸ். பிடிக்கிற பேச்சே கிடையாது.

ஷூ வாங்கும்போது ஒரு சின்னக் கணக்கு: ஜோடி ரூ.2,500 வரை ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதுக்கு மேல 18. இதுக்காக ரூ.2,499 ஷூவைத் தேடிப் போகாதீங்க. இந்த ஒரு பொருளில் மட்டும் நான் வரி பார்க்க மாட்டேன். ரெண்டு மாசம் முன்னாடியே வாங்கி, பழக்கி எடுத்துட்டுப் போங்க. என் ஃப்ரெண்டோட ஷூ புதுசு, கிளம்பற வாரம் ஆஃபரில் வாங்கினது.

கிளம்பறதுக்கு முந்தின நாள்

வீட்டில் ஒருத்தருக்கு ஒரே ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்புங்க. அதில் பெர்மிட் நகல், பாதை, ஹோம்ஸ்டே நம்பர், கைடு நம்பர், ஹெல்த் பாலிசி நம்பர், இன்சூரன்ஸ் கம்பெனி டோல்-ஃப்ரீ நம்பர், டெர்ம் பாலிசி எங்கே இருக்கு, நாமினி யாரு, எல்லாம் இருக்கட்டும். கூடவே ரெண்டு தேதி எழுதுங்க. ஒண்ணு, எந்தத் தேதியில் சிக்னலுக்கு வருவீங்க. இன்னொண்ணு, எந்தத் தேதி தாண்டினா அவங்க போன் போட ஆரம்பிக்கணும். ரெண்டுக்கும் நடுவில் உங்க உபரி நாள் இருக்கணும், இல்லைன்னா நீங்க குடிலில் மழைக்கு ஒதுங்கி கிச்சடி சாப்பிட்டுட்டு இருக்கும்போது இங்கே வீட்டில் அம்மா அழுதுட்டு இருப்பாங்க.

என் மனைவிக்கு இப்போ அந்த மெசேஜ் மனப்பாடம். அடுத்த மே மாசம் திரும்பவும் போறோம், அதே நாலு பேர், அதே பாய்ஜி. இந்தத் தடவை ஷீட் போடுறது பிளேட் வெச்ச கால்காரன். ரிட்டர்ன் டிக்கெட் வரிசையில் தேதி மாத்தக்கூடிய கட்டணம்தான் இருக்கு, பக்கத்தில் என் பேரைப் போட்டு சிவப்பு கலர் அடிச்சு வெச்சிருக்கான். அந்த ஷீட்டோட காலி நகல் வீடியோவுக்குக் கீழே இருக்கு, எடுத்துக்கோங்க.